கிளட்ச் மூடியில் ஒரு கறை

டிசம்பர் 8, ஞாயிறு

பூசையில் பாடகர் குழு இன்றும் அரைச் சுருதி கீழே. ஃபாதர் மட்டும் ரசித்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தால், நான் நேற்றுத்தான் துடைத்த முன்னறைத் தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள் மகள் ஜெசிந்தா. சாக்கையும் தாண்டி எண்ணெய். நாற்பத்து நான்கு வயது. பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் பெரிய வேலை. சாக்குக்கு அடியில் காகிதம் போட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வண்டி என் கணவர் அல்போன்ஸுடையது. இங்கிலாந்தில் செய்தது. செய்த கம்பெனியே எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பழுதானால் உதிரிப் பாகம் கிடைக்காது. மூன்று வருடமாகப் பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் இருந்தது. இடது பக்க மூடியில் ஒரு நீள விரிசல், அதன்மேல் கரடுமுரடாக வெல்டிங். வண்டி விழுந்த பக்கம் அது.

"ஜனவரி இருபத்தாறு கோத்தகிரி ஓட்டம்மா. பழைய வண்டி சங்கத்துல பேர் குடுத்துட்டேன்."

நான் கைப்பையை ஆணியில் மாட்டினேன்.

"இந்த வெல்டிங் கசியுதும்மா. எண்ணெய் பின் டயர்ல பட்டா வழுக்கிடும். புது மூடி நாமளே வார்த்துக்கலாம். அச்சு நீங்க போட்டுக் குடுங்க. உங்க அளவு மாதிரி யாருக்கும் வராது."

கையைக் கழுவிவிட்டு வா, சோறு ஆறுகிறது என்றேன்.

டிசம்பர் 11, புதன்

சரி என்று சொல்லிவிட்டேன். மாட்டேன் என்றால் வேறு எங்காவது கொடுத்து, எவனோ அரைகுறையாகச் செய்து தருவான்.

முப்பது வருடம் அல்போன்ஸ் ஃபவுண்டரிகளுக்கு மர அச்சு செய்தார். அவர் இழைப்பார், நான் அளப்பேன். சரியாக இருந்தால் அடிப்பக்கத்தில் என் எஃகு முத்திரையால் ஒரு சின்ன நட்சத்திரம் குத்துவேன். நட்சத்திரம் இல்லாத அச்சு எங்கள் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் பூத்தையலை வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பார். பின்பக்கம் சுத்தமாக இல்லாவிட்டால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நானும் அப்படித்தான் பார்த்தேன். கோயம்புத்தூரில் என்னைப் பிடிக்காத ஃபவுண்டரிக்காரர்கள் உண்டு. என் நட்சத்திரத்தைச் சந்தேகப்பட்டவர் இல்லை.

மூடியின்மேல் அப்பா பெயரைப் போடலாமா என்று கேட்டாள். பெயர் கல்லறையில் இருக்கிறது, போதும் என்றேன்.

டிசம்பர் 16, திங்கள்

மூடிக்கு அளவெடுத்துத் தேக்குப் பலகையில் கோடு போட்டேன்.

இழுப்பறையில் இரண்டு எஃகு அளவுகோல்கள். ஒன்று சாதாரணம். மற்றது அச்சு வேலைக்கானது. உருகிய அலுமினியம் ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடுகட்ட அந்தக் கோலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மயிரிழை கூடுதல் நீளம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தெரியாதவர் கையில் கொடுத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது.

வெளிச்சம் நன்றாக இருந்தது. மாலைக்குள் முடித்தேன். மிளகு ரசம், வாழைக்காய்ப் பொரியல்.

டிசம்பர் 21, சனி

காளியப்பன் வந்தார். அல்போன்ஸின் சிநேகிதர், ஃபவுண்டரி வைத்திருந்தவர். இப்போது மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். சும்மா இருக்கத் தெரியாதவர். பழைய இரும்பு வாளிக்குள் களிமண் பூசி அடுப்பாக்கி, கரி போட்டு, ஊதுகாற்றுக்கு ஜெசியின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் குழாயில் சொருகினார்.

"ஏனுங்க்கா, இந்த மெசினு இத்தன நாளா வெட்டியாக் கெடந்துச்சுங்களா? அம்மிணி தலையப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது."

"மாமா, உங்க தலைக்கும் அது தேவையில்லைதான்" என்றாள் ஜெசி. அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

பழைய பிஸ்டன்களை உருக்கி, மர அச்சை மண்ணில் பதித்து எடுத்த பள்ளத்தில் ஊற்றினார்கள். நான் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உலோகம் வெள்ளியாக ஓடி இறங்கியது. அழகான ஊற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மூடி பொருந்தவில்லை. மறையாணித் துளைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. முழு நீளத்தில் நாலு மில்லி குறைவு.

ஜெசி திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, சாதா ஸ்கேல்ல அளந்துட்டீங்களா?" என்றாள்.

கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்றேன்.

காளியப்பன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பரவால்லீங்க்கா. வயசாவுதுல்லீங்க. எங்க ஊட்டுல அவ உப்பப் போட்டத மறந்துட்டு மறுக்காப் போடுறா. நானும் தின்னுட்டுத்தான் இருக்கறன்."

அவர் மனைவி செல்லாத்தாளோடு என்னை ஒப்பிட்டதை நான் இலேசில் மறக்க மாட்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஜெசி விடாப்பிடியாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பவர் மாறவில்லை என்கிறார். இந்தக் காலத்து டாக்டர்கள் எதையும் நின்று பார்ப்பதில்லை.

ஜனவரி 4, சனி

கிறிஸ்துமஸ் கேக்கில் மிஞ்சியது பூசணம் பிடித்துவிட்டது. டப்பாவைச் சரியாக மூடாதது நான் அல்ல.

புது வருடத்திலிருந்து ஜெசி தினமும் ஒரு ரப்பர் பந்தை இடது கையால் பிசைகிறாள். அந்த மணிக்கட்டுக்குள் எஃகுத் தகடு இருக்கிறது. பழைய வண்டியின் கிளட்ச் கல்லை இழுப்பதுபோல இழுக்க வேண்டும். இன்று காலை காபியை வைத்துவிட்டு, மறுபடி வலிக்கிறதா என்றேன்.

"வலிக்குது. இழுக்கவும் முடியுது."

"யார் உன்னைப் போகச் சொன்னது? சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டார்களா?"

அவள் பந்தை மேசையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"அன்னிக்கு அப்பாவும் நானும் ஒண்ணா மேல போனோம். திரும்பி வரல. அவரை ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்தாங்க, என்னை ஆஸ்பத்திரியில வெச்சாங்க, வண்டியை டெம்போல ஏத்திவிட்டாங்க. எனக்கு இன்னும் அந்த வளைவுலயே ஒக்காந்திருக்கற மாதிரியே இருக்குதும்மா. ஓட்டிட்டு எறங்கி வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்."

மழைப் பாசியில் சறுக்கிய வண்டி. ஓரக் கல்லில் அவர் தலை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் இவள். இதையெல்லாம் எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இன்று புது அச்சுக்கு அளவெடுத்தேன். காளியப்பன் சாயங்காலம் வந்து, "நான் வேண்ணா ஸ்கேலப் புடிச்சுக்கறனுங்க்கா" என்றார். வாசலைக் காட்டினேன்.

ஜனவரி 9, வியாழன்

அச்சு முடிந்தது. இம்முறை எந்தக் கோல் என்று நான் எழுதத் தேவையில்லை. விளிம்பைச் சுற்றி மெழுகு தோய்த்த நூலைக் காம்புத் தையல்போல முறுக்கி ஒட்டினேன். வார்த்தால் உலோகத்திலும் அந்தத் தையல் எழுந்து நிற்கும். யாரும் கேட்கவில்லை. வெறும் விளிம்பு பார்க்க நன்றாக இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மண்ணில் ஈரம் அதிகமானால் உலோகம் ஊற்றியதும் வெடித்துத் தெறிக்கும். காளியப்பன் போதும் என்ற பிறகும் நான் ஒரு பிடி எடுத்து இறுக்கி உடைத்துப் பார்த்தேன். ஈரம்தான். பரப்பி வெயிலில் காயவைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஈரத்தைப் பற்றி ஏன் வாய் திறந்தேன் என்று பிறகு யோசித்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது ஜெசி.

ஊற்றி, ஆறவிட்டு, மண்ணைத் தட்டியதும் மூடி வெளியே வந்தது. தையலின் ஒவ்வொரு முறுக்கும் விழுந்திருந்தது. ஜெசி அதை எஞ்சினில் வைத்தாள். எல்லாத் துளையும் நேர்.

"அட" என்றார் காளியப்பன்.

நான் உள்ளே போய் அச்சுக் கோலை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். செல்லாத்தாள் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பியிருந்தாள். உப்பு இல்லை, நன்றாகவே இருந்தது.

மூடியின் பொருந்தும் முகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் எமரி காகிதம் விரித்து ஜெசியும் நானும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். நேராக இழுத்தால் ஒரு பக்கம் சரியும். முகம் கண்ணாடிபோல ஆகிவிட்டது. அதில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. துளை, குழி, கீறல் எதுவுமில்லை. தேடிப் பார்த்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கசிவுப் பரிசோதனை. மூடியைத் தட்டுப்போல மல்லாத்தி இரண்டு செங்கல்மேல் வைத்து, உட்புறம் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். வெளிப்புறம் சாக்பீஸைக் குழைத்துப் பூசிக் காயவிட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் வெள்ளையில் கறை எழும். பழைய டின்னில் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தது.

ஜெசி மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் காகித வளையம் வாங்க டவுனுக்குப் போனாள். நான் தையலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வீடு அமைதியாக இருந்தது.

அவள் திரும்பியபோது விளிம்புக்குச் சற்றுக் கீழே மிளகளவு கறை ஒன்று இருந்தது. சுட்டிக்காட்டினேன்.

"இதற்கு நான் நட்சத்திரம் குத்த மாட்டேன்."

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கி வந்த வளையத்தைச் சுருட்டி மேசையில் வைத்தாள். "நீங்க சொன்னா சரிங்கம்மா" என்றாள். மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பி, "பரவால்ல. நல்லா வந்துச்சுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

இன்னொரு மூடி வார்க்க இனி நாள் இல்லை.

தையல் ஊசியைச் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன். மண்ணெண்ணெய் வாடை இலேசில் போகாது.

ஜனவரி 20, திங்கள்

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லக் கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டேன். தக்காளி விலை இறங்கியிருக்கிறது.

ஜனவரி 25, சனி

சந்தையிலிருந்து வந்தால் வண்டி வாசலில் நிற்கிறது. இடது பக்கம் பழைய மூடி, அதே வெல்டிங்.

"இது என்ன?"

"பழசையே பூட்டிட்டேம்மா. மெதுவாப் போறேன். அங்கங்க நிறுத்தித் தொடச்சுக்கறேன்."

"கசிகிறது என்று நீதானே சொன்னாய்?"

"புதுசும் கசியுதுன்னு நீங்க சொன்னீங்க. ரெண்டுல இது எனக்குத் தெரிஞ்ச கசிவு."

போகக் கூடாது என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, "அப்பா இருந்தாப் போன்னுதான் சொல்லியிருப்பாரு" என்றாள். இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் அவர் இன்று இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேறொன்றும் இருந்தது. அதையும் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வருடத்தில் என் அளவு பொய் என்று நானே யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாக்கியம் எப்படித் தொடங்கும் என்றே தெரியவில்லை.

இன்று மேட்டுப்பாளையத்தில் சங்கத்துத் தோழி வீட்டில் தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்து மலை ஏறுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வெளியே வண்டி நின்ற இடத்தில் செய்தித்தாள் விரித்திருந்தாள். இவ்வளவு நாள் கழித்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தாளில் ஒரு ரூபாய் அளவு கறை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகியது.

இது ஊசியால் வைத்த கறை அல்ல.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். காளியப்பனுக்குச் செய்தேன், காலையில் காரை எடுத்து வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வரச் சொன்னால் வாருங்கள் என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிவதற்குள் கிளம்பினோம். மடியில் புது மூடி. பையில் முத்திரை, சுத்தியல், ஜெசி மேசையிலேயே விட்டுப்போன காகித வளையம். பூசைக்குப் போகாத ஞாயிறு. காரமடை தாண்டும்போது காளியப்பனிடம் சொன்னேன். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னால் எளிதாக இருந்தது.

"மூடியில் ஓட்டை இல்லை. கறையை வைத்தது நான்."

அவர் ஒரு லாரிக்கு வழிவிட்டார். "அப்ப மொதல்ல அந்த நாலு மில்லி?"

"அதுவும்."

"கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா?"

"எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது."

"அட போங்க்கா. செல்லாத்தா உங்க கண்ணுக்குன்னு மாரியம்மனுக்கு வெள்ளியில கண்மலர் நேந்து, போன வெள்ளிக்கெழமை சாத்திட்டும் வந்துட்டா. இப்ப அதத் திருப்பிக் கேக்க முடியுமுங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனை ஜெசி இன்னும் எடுக்கவில்லை.

மலையடிவாரத்து டீக்கடையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஜெசி கையில் டீ கிளாஸ். என்னைக் கண்டதும் முகம் கல்லாகிவிட்டது. "இங்கயும் வந்து நிறுத்தணுமா?" என்றாள். சங்கத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்று சொன்னேன்.

"இந்த மூடி நல்ல மூடி. கறையை நான் வைத்தேன். நீ போகக் கூடாது என்று வைத்தேன். அதைக் கழற்றிவிட்டு இதைப் போடு."

அவள் டீயைக் கீழே வைத்தாள். என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதும்மா பொய்? அன்னிக்குச் சொன்னதா, இப்ப சொல்றதா?"

"அன்றைக்குச் சொன்னது."

"எனக்கு எப்பிடித் தெரியும்? பழைய மூடியப் பாத்துப் பயந்துட்டீங்க. அதுக்காக இது நல்லதுன்னு இப்ப சொல்லலாம்ல?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க இடம் வைத்ததில்லை. என் வார்த்தைதான் இவ்வளவு காலமும் பதிலாக இருந்தது.

"சோதித்துப் பார்" என்றேன். "நான் தொட மாட்டேன். நீயே செய்."

அங்கே சாக்பீஸுக்கு எங்கே போவது? காளியப்பன் டீக்கடைக்குள் போய் சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்று டப்பாவோடு வந்தார். கடைக்காரர் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங், அது பழனித் துன்னூறுங்."

"முருகனும் வண்டியோட்றவங்க பாதுகாப்பாப் போகணும்னுதானுங்களே நெனப்பாரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் குழைத்து மூடியின் வெளிப்புறம் முழுக்கப் பூசினார். நான் விளிம்பில் தைத்த தையலெல்லாம் திருநீறு. சிஸ்டர் பெர்னதெத் பார்த்திருக்க வேண்டும்.

காய்ந்ததும், அடுப்பிலிருந்து தள்ளி இரண்டு கல்மேல் வைத்து, ஜெசி தன் வண்டியிலிருந்தே பெட்ரோல் எடுத்து உள்ளே ஊற்றினாள். மண்ணெண்ணெயைவிடப் பெட்ரோல் வேகமாகத் துளை தேடும். என்னைப் பக்கத்தில் விடவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இருந்தும் எனக்குள் ஒரு பயம் வந்தது. அன்றைக்கு நான் ஊசி வைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருந்தேன்? போதுமான நேரமா? உண்மையிலேயே ஒரு துளை இருந்து, அது எழுவதற்குள் நான் அவசரப்பட்டிருந்தால்?

சங்கத் தலைவர் விசில் ஊதினார். வண்டிகள் ஒவ்வொன்றாக மலைப்பக்கம் திரும்பின. "வரீங்களா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். ஜெசி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு மூடிக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தமெல்லாம் மேலே ஏறிக் கரைந்தது. காளியப்பன் மூன்றாவது டீ குடித்தார்.

திருநீறு வெள்ளையாகவே இருந்தது.

ஜெசி பெட்ரோலை வடித்து, மூடியைத் துணியால் துடைத்தாள். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"நட்சத்திரம் இல்லையே."

"சுத்தியல் கொண்டுவந்திருக்கிறேன்."

ஓரக் கல்மேல் மூடியை அவள் பிடித்துக்கொண்டாள். தகடு வைத்த கை. நான் முத்திரையை வைத்து ஒரே அடி அடித்தேன். நேராக விழுந்தது.

பழைய மூடியைக் கழற்றி, எண்ணெயை டீக்கடை வாளியில் பிடித்து, வளையம் வைத்து, புதியதை மாட்டினார்கள். கடைசி மறையாணியை இறுக்கி, எண்ணெயைத் திரும்ப ஊற்றிவிட்டு ஜெசி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே நீங்க சரின்னு சொன்னாலும் நான் ஒரு தடவை பாத்துக்குவேம்மா."

"பார்த்துக்கொள்."

கிளட்சை இழுக்கும்போது அவள் தாடை இறுகியது. வண்டி தனியாக மலை ஏறியது. முதல் வளைவு வரை தெரிந்தது. பிறகு சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

மத்தியானம் வண்டிகள் இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். காளியப்பன், "உக்காருங்க்கா" என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவரும் எழுந்து நின்றார். விசில்காரர் வந்துவிட்டார். காலையில் அவளைக் கேட்டவரும் வந்துவிட்டார். பின்னால் ஒரு பெண் வருவதைப் பார்த்தீர்களா என்று காளியப்பன் கேட்டார். மேலே ஒரு வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள், கை காட்டினாள் என்றார்கள்.

எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு வந்தாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. அவள் எதுவும் பேசுவதற்குள் நான் குனிந்து என் கைக்குட்டையால் மூடியின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். விரித்து அவளிடம் நீட்டினேன். புழுதி இருந்தது. எண்ணெய் இல்லை.

அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

வீடு வரை அவள் முன்னால் வண்டியில். நாங்கள் பின்னால் காரில்.

ஜனவரி 27, திங்கள்

செல்லாத்தாளுக்கு மாரியம்மன் கண்மலருக்கான நன்றியைச் சொல்லி ஒரு டப்பா ரவா லட்டு கொடுத்தனுப்பினேன். கண் சரியாகிவிட்டதா என்று கேட்டனுப்பினாள். ஆகிவிட்டது என்றேன்.

ஜெசி வேலைக்கு அந்த வண்டியிலேயே போனாள். போகுமுன் குனிந்து மூடிக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசலில் விரித்த தாள் சுத்தமாக இருக்கிறது. மடித்து நாளைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள். இப்போது ஆறு பத்து. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.